றூஜ் ஆற்றங்கரையில் ஒரு தமிழ் வகுப்பு

ஊரில் இருபது, முப்பது ஆண்டுகள் வெண்கட்டி பிடித்த கைகள் இங்கு இரவு வேலைத்தலங்களில் பெட்டி அடுக்குவதை நாம் எல்லோரும் அறிவோம். ஒன்ராறியோப் பாடசாலையொன்றில் கற்பிக்க மாகாணச் சான்றிதழ் வேண்டும். அதற்கு, பயின்ற கலாசாலையிலிருந்து ஆவணங்கள் நேராக வந்து சேர வேண்டும். உடுத்த துணியோடு ஓடி வந்தவருக்கு அந்த ‘நேராக’ என்ற சொல்லே ஒரு மலை. ஆதலால் எமது ஆசிரியர் பலருக்கு எஞ்சியிருப்பது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஒன்றுதான். 25 பிள்ளைகளுக்காகப் பெற்றோர் எழுத்தில் கேட்டால் கல்விச்சபை மொழி வகுப்பை நடத்தியாக வேண்டும் என்பது மாகாண விதி. அங்கே கற்பிக்க மேற்படி சான்றிதழ் கட்டாயமன்று. கிழமைக்கு இரண்டரை மணித்தியாலம். அந்த இரண்டரை மணித்தியாலத்தை எண்ணியே மற்ற ஆறு நாட்களையும் கடத்துவோர் உளர். நாமும் அவர்களுட் சேர்ந்தவரே.

வகுப்பில் நாம் கற்பிப்பவை பனை, வடலி, நுங்கு, கிளுவை வேலி. பிள்ளைகள் மனனம் செய்கின்றனர். கண்ணால் காணாத பொருளின் பெயர் நாவில் எத்தனை நாள் தங்கும்? ஐந்திணைப் பாடத்தின்போது மாணவி ஒருத்தி, “மருதம் எந்த பஸ்ஸில் போகிற இடம்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எமக்கு அது நல்ல வினாவாகவே பட்டது. புரட்டாதிக் கடைசியில், பெற்றோரின் ஒப்பம் பெற்று, பிள்ளைகளைப் பிக்கரிங் பக்கம் அழைத்துச் சென்றோம்.

றூஜ் ஆறு ஸ்காபரோவுக்கும் பிக்கரிங்குக்கும் இடையே ஒன்ராறியோ ஏரியிற் கலக்கின்றது. கழிமுகத்தில் ஒரு நடைபாலம் உண்டு. அதைக் கடந்தால் பிக்கரிங். உட்புறம் நாணலும் சதுப்பும், வெளிப்புறம் கரை தெரியாத நீர். இது நெய்தலா? “தண்ணீர் உப்பில்லையே!” என்று ஒரு பையன் வாதிட்டான். மணல் இருக்கிறது, புன்னை இல்லை என்றாள் இன்னொருத்தி. மருதத்தில் வாதத்துக்கு இடமிருக்கவில்லை. 2015 இன் சட்டத்தால் தேசிய நகர்ப்புறப் பூங்காவான இந்த 79 சதுர கிலோமீற்றர் நிலத்துக்குள் காடு மட்டுமன்றி, இன்றும் உழுது பயிரிடப்படும் வயல்களும் உள்ளன. மரங்களின் பெயர் அறிவதில் பிள்ளைகளே எமக்கு ஆசிரியர். மேப்பிளையும் சீடரையும் இலையைப் பார்த்தே பிரித்துக் காட்டினர். நாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

பின்னர் ட்வின் றிவர்ஸ் வீதிப் பாலத்தடிக்குச் சென்றோம். அங்கே சினூக் சல்மன் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தன. இவை இவ்வேரியின் பூர்வீக மீன்கள் அல்ல. காடழிப்பாலும் ஆலை அணைகளாலும் இங்கிருந்த அத்திலாந்திக் சல்மன் 19 ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அற்றுப்போக, 1960களின் பிற்பகுதி முதல் பசிபிக் இனமான சினூக் கொண்டுவந்து விடப்பட்டது. அதாவது, அவையும் குடியேறியவையே. பழைய இனத்தை மீட்கும் முயற்சி அயலிலுள்ள டஃபின்ஸ் ஓடையில் நடைபெறுகின்றது. முட்டையிட்டதும் சினூக் இறந்துவிடும். கரையொதுங்கிய மீனொன்றைச் சுற்றிப் பிள்ளைகள் பேசாது நின்றனர். ‘சினை’ என்ற சொல்லை அவ்விடத்திற் சொல்லிக் கொடுத்தோம். மூன்று கிழமை கழித்துக் கேட்டபோது ஒருவரும் அதை மறந்திருக்கவில்லை.

வடக்கே இன்னொரு பாடமும் கிடக்கின்றது. 1972 இல் விமான நிலையம் அமைப்பதற்கென மத்திய அரசு பிக்கரிங்கிலும் அயலிலும் 18,600 ஏக்கர் நிலத்தைச் சுவீகரித்தது. தலைமுறைகளாக உழுத குடும்பங்கள் வெளியேறின. மக்கள் எதிர்த்தனர், மாகாண அரசும் வீதி, நீர் வசதி செய்ய மறுத்தது, 1975 இல் திட்டம் நிறுத்தப்பட்டது. காணி திரும்பவில்லை. ஒரு பகுதி பின்னர் பூங்காவோடு சேர்ந்தது. விமான நிலையம் கட்டப்படமாட்டாது என 2025 தை மாதத்திலேயே அறிவிக்கப்பட்டது. அறிவித்த அன்றைய போக்குவரத்து அமைச்சர் அனிதா ஆனந்த் தமிழ்நாட்டுத் தந்தையின் மகள் என்பதையும் இடையே சொல்லி வைக்கலாம்.

இதைக் கேட்ட பிள்ளைகளுள் ஒருவனின் பாட்டனார் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். பலாலி விமானத் தளத்தைச் சுற்றிய ஊர்களிலிருந்து 1990 இல் வெளியேற்றப்பட்டோரில் ஒருவர். இங்கு நட்டஈடு கொடுக்கப்பட்டது, எவரும் குண்டுக்கு அஞ்சி ஓடவில்லை. இரண்டையும் ஒன்றென்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் பாட்டனார் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கும் காணி உறுதி எதற்கென்று அப்பையனுக்கு அன்றுதான் விளங்கியது. அடுத்த வகுப்புக்கு அதன் பிரதியைக் கொண்டுவந்து, அதிலுள்ள பழைய எழுத்துக்களை வாசிக்கக் கற்றுத் தருமாறு கேட்டான்.

செல்ல விரும்பும் பெற்றோருக்குச் சில சொற்கள். பூங்காவுக்கு அனுமதிக் கட்டணம் இல்லை. றூஜ் ஹில் புகையிரத நிலையத்திலிருந்து கழிமுகத்துக்கு ஏரிக்கரையோரமாக நடந்தே போகலாம். மீன் ஏறுவதைக் காணப் புரட்டாதியும் ஐப்பசியும் உகந்தவை. மழை பெய்த மறுநாள் இன்னும் நன்று. புற்களில் நோய் பரப்பும் உண்ணிகள் உண்டு. நீண்ட காற்சட்டை அணிவித்து, அதன் விளிம்பைக் காலுறைக்குள் செருகி விடுங்கள். வீடு திரும்பியதும் பிள்ளைகளின் கால்களையும் கழுத்தையும் பார்க்கத் தவறாதீர்கள்.