சைதாப்பேட்டையில் பிறந்த படிப்பு, கிண்டியில் வகுப்பு

வேளாண்மை படிக்கக் கோவைக்குப் போக வேண்டும் என்பார்கள். அந்தப் படிப்பு பிறந்தது சென்னை சைதாப்பேட்டையில்! 1868-ல் அங்கு தோன்றிய வேளாண்மைப் பள்ளி 1906-ல் கோவைக்கு இடம் பெயர்ந்தது, 1971-ல் பல்கலைக்கழகமாயிற்று. அதே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சைதாப்பேட்டைக்கு அடுத்த கிண்டியில் பயிற்சி மையம் நடத்தி வருகிறது. வயலோ வரப்போ இல்லாத மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வாசிகளும் கட்டணம் செலுத்தி ஒரு நாள் பயிற்சி பெறலாம். மாடித் தோட்டம், தேனீ, காளான் என்று பாடங்கள் மாறி மாறி வரும்.

காளானுக்குத்தான் சென்னையில் கவனம் தேவை. சிப்பிக் காளான் குளுமையை விரும்புவது. சித்திரை வெயிலில் மாடிக் கொட்டகையில் போட்டால் முதலுக்கே மோசம். பால் காளான் 30 முதல் 35 டிகிரி வெப்பத்திலும் நன்கு வரும். இப்பல்கலைக்கழகம் 1998-ல் வெளியிட்ட ஏபிகே-2 இந்த இனமே. பறித்தபின் சில நாள் வாடாது என்பதால் கடைக்குக் கொண்டுபோக அவகாசமும் உண்டு.

வைக்கோலை வேகவைத்து, பிழிந்தால் நீர் சொட்டாத பதத்தில் உலர்த்தி, பையில் அடுக்கி வித்து இட வேண்டும். வெள்ளை இழை படர்ந்தபின் பையை இரண்டாக வெட்டி, மேலே வேகவைத்த மண்ணை முக்கால் அங்குலம் பரப்ப வேண்டும். மண்ணை வேகவைக்கச் சோம்பினால் பச்சைப் பூசணம்தான் அறுவடை! வைக்கோலின் பதத்தைப் படித்து அறிவது கடினம், கையால் பிழிந்து பார்த்தால் புரியும். வகுப்புக்குப் போவதே அதற்காகத்தான்.

பயிற்சி நாளையும் கட்டணத்தையும் மையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு புறப்படவும்.