சூளையைப் பார்க்கும் கண்ணாடி இழை

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலை, விருத்தாசலத்திலிருந்து சேலத்துத் திசையில் செல்லும் சாலையைச் சந்திக்கிற வேப்பூரை, அங்கே கூடும் ஆட்டுச் சந்தையின் பொருட்டு அறிந்தவர்களே மிகுதி. அந்தச் சந்திப்பிலிருந்து கிழக்கே திரும்பி விருத்தாசலம் போகிறவர்களோ, அகல் விளக்கும் பொம்மையும் மின்சாரப் பெட்டிக்கு வேண்டிய ஃபியூஸ் கட்டையும் சூளையில் வேகின்ற ஒரு தொழிலுலகத்துக்குள் நுழைகிறார்கள். அரசாங்கம் அவ்வூரில் செராமிக் தொழிற்பேட்டையை ஏற்படுத்தியதோடு, அத்தொழிலைக் கற்பிக்க ஒரு பாலிடெக்னிக்கையும் நடத்திவருகிறது. மண்ணைப் பிசைவதும் அச்சில் வார்ப்பதும் கண்முன்னே நடக்கும் காரியங்கள். பொருளின் தலைவிதியை நிர்ணயிப்பதோ மூடிய சூளைக்குள் இருக்கும் உஷ்ணம். அது குறைந்துவிட்டால் பீங்கான் நீரை உறிஞ்சும். மிஞ்சிவிட்டால் நெளிந்து கோணிப்போகும்.

பழைய சூளைக்காரர் பார்வைத் துளையின் வழியே நிறத்தைப் பார்த்தே உள்ளிருக்கும் சூட்டைச் சொல்லிவிடுவார். அதில் மாயம் ஏதுமில்லை. சூடேறிய எப்பொருளும் தன் உஷ்ணத்துக்கு ஏற்ற கிரணங்களை வீசுகிறது, அவர் அவற்றைப் படிக்கப் பழகியவர், அவ்வளவே. இங்கிலாந்தின் ஜோசையா வெட்ஜ்வுட் 1782-ல் களிமண் துண்டுகள் சுருங்கும் அளவைக்கொண்டு சூட்டை அளக்க முற்பட்டார். ஜெர்மனியின் ஹெர்மான் செகெர் 1886-ல், குறித்த சூட்டில் தலைசாயும் கூம்புகளைச் செய்தளித்தார். பிளாட்டினத் தெர்மோகப்பிளும் அந்தக் காலத்தில்தான் வந்தது. இவற்றுக்கெல்லாம் வேறான வழி ஒன்றுக்கு, 1800-ல் வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளியின் சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குப் புலப்படாத கிரணம் உண்டென்று கண்டபோதே அஸ்திவாரம் போடப்பட்டது. இன்றைய இன்ஃப்ராரெட் சென்சார் பொருளைத் தொடாமலே, எட்ட நின்று, அந்தக் கிரணத்தைப் படிக்கிறது.

எட்ட நிற்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. சென்சாரின் எலெக்ட்ரானிக் பகுதி சாதாரணமாக அறுபது டிகிரிக்கு மேல் தாங்குவதில்லை. ஆகவே நெருப்பருகே ஒரு சிறு லென்ஸ் தலையை மட்டும் நிறுத்தி, அது வாங்கும் கிரணத்தைச் சிலிக்கா இழைகளின் வழியே சில மீட்டர் தூரம் கடத்தி, குளிர்ந்த இடத்தில் இருக்கும் பெட்டிக்குச் சேர்ப்பித்தார்கள். இழைக் கட்டின் வழியே பிம்பத்தையே கடத்தலாம் என்று, ஹாப்கின்ஸ் என்பாருடன் சேர்ந்து லண்டனிலிருந்து 1954-ல் உலகுக்குக் காட்டியவர் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி என்பதை நாம் சற்றுப் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 1450 டிகிரியில் சுண்ணாம்புக் கல் கிளிங்கராக மாறுகின்ற சிமெண்ட் ஆலையின் சுழல் சூளை, உருளைகளுக்கிடையே ஓடும் செந்நிற இரும்புத் தகடு, பெரிய பீங்கான் ஆலையின் நீண்ட சூளை ஆகியவை இத்தகைய சாதனத்துக்கு உரிய இடங்கள். சிறிய சூளை வைத்திருப்பவருக்குத் தெர்மோகப்பிளும் கூம்புமே போதும். மற்றது வீண் செலவு என்பது என் அபிப்பிராயம்.

மின்கம்பி அறுந்தால் கருவி நின்றுபோகும், குற்றமும் உடனே தெரியும். இழைக் கேபிளோ அறாமலே கெடும். சூட்டாலும் அதிர்வாலும் கூர்மையாக வளைத்துக் கட்டியதாலும் உள்ளிருக்கும் இழைகள் ஒவ்வொன்றாக ஒடிய, முனையில் புகையும் தூசியும் படிய, வரும் கிரணம் மெல்ல மெல்லக் குறைகிறது. குறைந்த கிரணத்தைக் கருவி குறைந்த உஷ்ணமென்றே எண்ணிக்கொள்கிறது. ஒரு மைக்ரான் அலைநீளத்தில் 1250 டிகிரியைப் பார்க்கும் சென்சாருக்கு, வெளிச்சத்தில் பத்து விழுக்காடு குறைந்தாலே கணக்கில் ஏறக்குறைய பதினேழு டிகிரி குறைந்துவிடும். அதை நம்பிய கன்ட்ரோலர் பர்னரைத் தூண்டிவிட, சரக்கு முழுவதும் அளவுக்கு மீறி வெந்துவிடும். இரண்டு அலைநீளங்களின் விகிதத்தைப் பார்க்கும் கருவிகள், இரண்டிலும் ஒரே அளவாகக் குறைந்தால் ஏமாறுவதில்லை. ஒடிந்த இழை அப்படிச் சமமாகவே குறைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

ஆகையால் கேபிளை மாற்றுகிறவர் முதலில் கன்ட்ரோலரைக் கைமுறைக்கு மாற்றச் சொல்கிறார். அதன் பிறகே நட்டைக் கழற்றுகிறார். கழற்றிய கேபிளின் ஒரு முனையில் டார்ச் வெளிச்சத்தைக் காட்டி மறுமுனையைப் பார்த்தால், ஒளிரும் வட்டத்துக்குள் கரும்புள்ளிகள் தென்படும்; அவையெல்லாம் ஒடிந்த இழைகள். புதிய கேபிளின் முனையில் விரல் படலாகாது, ஏனெனில் கைரேகையின் எண்ணெய்ப் பசையே கிரணத்தைத் தின்றுவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் ஒருமுறை துடைத்துப் பொருத்தவேண்டும். கேபிளை இறுக்கமாக வளைக்காமலும், சூளையின் சுவரை உரசாமலும் கொண்டுபோய்க் கட்டவேண்டும். லென்ஸின் முன் ஊதும் காற்றில் கம்ப்ரஸர் எண்ணெய் கலந்திருந்தால், புதிய முனையும் விரைவில் பழையதாகும்.

இத்துடன் வேலை முடிந்ததென்று நினைப்பவர்களே அதிகம். எந்த இரண்டு கேபிளும் ஒரே அளவு கிரணத்தைக் கடத்துவதில்லை. அதனால் சில கருவிகளில் கேபிளோடு வரும் அளவை எண்ணைப் பெட்டிக்குள் பதியவேண்டும், வேறு சிலவற்றில் கேபிளும் பெட்டியும் சேர்ந்தே கரும்பொருள் உலையின் முன் காலிபரேஷன் செய்யப்படவேண்டும். இது சம்பிரதாயச் சடங்கன்று. 1990-ல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உஷ்ண அளவையே, வெள்ளி உறையும் 961.78 டிகிரிக்கு மேல், கிரண வீச்சைப் பற்றிய பிளாங்க்கின் விதியைக்கொண்டுதான் வரையறுக்கப்பட்டிருக்கிறது.

பீங்கான் சூளையாயிருந்தால் இன்னொரு காவலும் கைவசம் உண்டு. கேபிள் மாற்றியபின் போடும் முதல் சூளையில், சென்சார் பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் அடுத்தடுத்த எண்ணுள்ள மூன்று கூம்புகளை நிறுத்தலாம். கூம்பு உஷ்ணத்தை மட்டுமன்றி, அது நீடித்த நேரத்தையும் சேர்த்தே காட்டுவதால் டிகிரிக்கு டிகிரி ஒத்துப்போக வேண்டுமென்று எதிர்பார்க்கலாகாது. ஆனால் நடுக்கூம்பு சாயவேண்டிய சூளையில் மூன்றும் சாய்ந்து கிடந்தால், பர்னரையோ மண்ணையோ சந்தேகிக்குமுன், பெட்டிக்குள் பதிந்த எண் புதிய கேபிளுடையதா, பழையதனுடையதா என்று பார்ப்பது நலம்.