இணைந்த அறிவும் செயற்கைப் பொதுநுண்ணறிவும்

மாந்தர் எழுதிவைத்தன யாவும் இணையத்தால் பிணைக்கப்பட்டு, வேண்டியதை நொடியில் எடுத்துத்தரும் தேடுபொறியும் வாய்த்துவிடின், அத்தொகுதியையே செயற்கைப் பொதுநுண்ணறிவு எனக் கொள்ளலாமா என்னும் வினா இன்று எழுந்துள்ளது. பொதுநுண்ணறிவாவது ஒரு துறையளவில் நில்லாது, முன் கண்டிராத பொருளையும் ஆராய்ந்து முடிவு காணவல்ல திறன். இவ்வினாவை நம் துறைக்குரிய ஓர் ஊர்ப்பெயர் கொண்டு ஆராய்வாம்.

பிரம்மதேசம் என்று பொறியில் இட்டால், பாதாளீசுவரர், பிரமபுரீசுவரர் கோயில்களையுடைய விழுப்புரப் பகுதி ஊர் வரும். திண்டிவனம் பக்கத்ததும், செய்யாற்றை அடுத்ததும், அம்பாசமுத்திரத்தை அடுத்துக் கைலாசநாதர் கோயில் கொண்டதும் உடன்வரும். அந்தணர்க்கு அளிக்கப்பெற்ற ஊர் பிரமதேயம் எனப்பட்டமையின் இப்பெயர் பல்கியது இயல்பே. பொறி காண்பது எழுத்தொற்றுமை. நாட்டுப்பெயர், இறைவன் பெயர், ஆட்சியாண்டு ஆகியவற்றைச் சீர்தூக்கி இன்ன ஊர் எனத் துணிபவர் ஆராய்ச்சியாளரே. முதுகலை மாணவர் பலர் இடறுவதும் இவ்விடத்தேதான்.

ஆயினும், தனித்தனி அறிவு ஒருங்குகூடின் புதியதோர் ஆற்றல் பிறவாதோ எனின், பிறக்கும். விழுப்புரத்துப் பிரம்மதேசத்துக்கு அண்மையிலுள்ள எண்ணாயிரத்தில் முதல் இராசேந்திரன் காலத்தில் ஒரு கல்லூரி நிலவியது. 1917இல் படியெடுக்கப்பெற்ற கல்வெட்டு, ஆங்கு 14 ஆசிரியரும் 340 மாணவரும் இருந்தமை கூறுகிறது. இருக்கு ஓதியோர் 75 பேர். பிரபாகர மீமாஞ்சை பயின்றோர் 35 பேர். ஒருவரே அனைத்தும் அறிந்திருத்தல் அரிது. கல்லூரியோ அனைத்தும் அறிந்தது. உரியவரை நாடி வினவுதலே அங்குத் தேடல். ஆனால் வினவப்பட்டவர் பொருளுணர்ந்தார், ஐயுற்றார், வேண்டுமிடத்து மறுத்தார். ஆகவே, மாந்தரோடு கூடிய இணைப்பு பொதுநுண்ணறிவே எனினும் செயற்கையன்று. மாந்தரை நீக்கின் எஞ்சுவது சுவடிச்சாலை.

இதற்கு வலிய மறுப்பு ஒன்றுண்டு. 2017இல் வெளியான டிரான்ஸ்பார்மர் என்னும் அமைப்பின்வழி வளர்ந்த பெருமொழி மாதிரிகள், தேடி எடுத்துத் தருவதோடு அமையாது, கற்ற உரைத்தொகுதியிலிருந்து புதுத் தொடர்களை ஆக்கி விடையிறுக்கின்றன. இவற்றை வெறுந் தேடல் என ஒதுக்குதல் முறையன்று. நாம் வேண்டுவது ஒரு சோதனை. அச்சேறாத, இணையத்திலும் இடம்பெறாத பிரம்மதேசக் கல்வெட்டுப்படி ஒன்றை அவற்றின்முன் வைத்தல் வேண்டும். எவ்வூர்க்குரியது என்பதோடு, எதனால் என்பதையும் அவை கூறுதல் வேண்டும். நாட்டுப்பெயர் சிதைந்துபோன படி ஒன்றையும் உடன் வைத்து, துணிதற்குச் சான்று போதாது என்று அவை தாமே உரைக்கின்றனவா எனவும் நோக்குதல் வேண்டும்.