விரும்பிப் போகும் காடு

கடந்த மாதம் கிளிநொச்சி மாவட்டக் கிராமமொன்றில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். அறுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் தனது கைத்தொலைபேசியில் வந்திருந்த படமொன்றை எல்லோருக்கும் காட்டினார். ரொறன்ரோவில் வசிக்கும் அவரது தம்பியின் மகள், செம்மஞ்சள் நிற உயிர்காப்பு அங்கி அணிந்து, ஒடுங்கிய வள்ளமொன்றில் துடுப்போடு இருந்தார். பின்னால் ஏரி, அதற்கப்பால் அடர்ந்த காடு, கரையில் சிறியதொரு கூடாரம்.

“நாலு பொம்பிளைப் பிள்ளையள் தனியப் போய் அஞ்சு நாள் காட்டுக்குள்ள இருந்திட்டு வந்தவையாம். மீன் பிடிச்சவையாம். உவளுக்கென்ன விசரே பிள்ளை? வீடு வளவு இருக்க, ஆரும் காசு குடுத்துப் போய்த் தறப்பாளுக்குக் கீழ படுப்பினமே?”

எல்லோரும் சிரித்தோம். பின்னர் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. அங்கிருந்தவர்களில் அநேகர் 2009ஆம் ஆண்டு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரங்களுக்குள் வாழ்ந்தவர்கள். அந்த முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் கூடாரம், காடு, விறகு பொறுக்கிச் சமைத்தல் என்பன அவர்களுக்கு உல்லாசப் பயணத்தை நினைவூட்டும் சொற்கள் அல்ல.

அம்மாவின் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. இலக்கத்தைப் பெற்று அந்தப் பெண்ணுடன் பேசினேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசிய அவர், போய் வந்த ஐந்து நாட்களைப் பற்றிக் கூறியதைவிட, அதற்கு முந்திய ஆறு மாத ஆயத்தத்தைப் பற்றிக் கூறியதே அதிகம். அம்மாவுக்கான விடை அந்த ஆயத்தத்திலேயே இருந்தது.

ஏரிகள் நிறைந்த காடு

அவர்கள் சென்ற இடம் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள அல்கொன்குவின் பூங்கா. பூங்கா என்றதும் பூச்செடியையும் ஊஞ்சலையும் நினைத்துவிடக் கூடாது. 1893இல் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக ஒதுக்கப்பட்ட பெருங்காடு அது. பரப்பளவு சுமார் 7,600 சதுர கிலோ மீற்றர். எமது வட மாகாணம் முழுவதும் 8,884 சதுர கிலோ மீற்றர் என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் பெருப்பம் விளங்கும். அதனுள்ளே 2,000க்கு மேற்பட்ட ஏரிகள் உள்ளன. தெற்குப் பகுதியை ஊடறுத்து ஒரு நெடுஞ்சாலை செல்கின்றது. உட்பகுதி ஏரிகளுக்குத் தெரு இல்லை. கடை, மின்சாரம், வைத்தியசாலை எதுவும் இல்லை. பெரும்பாலான இடங்களில் தொலைபேசியும் வேலை செய்யாது.

அங்கு வாகனம் ‘கனூ’ எனப்படும் துடுப்பு வள்ளமே. ஓர் ஏரியைக் கடந்து கரையேறியதும், வள்ளத்தைக் கவிழ்த்துத் தோளில் சுமந்துகொண்டு காட்டுப் பாதையால் அடுத்த ஏரிக்கு நடக்க வேண்டும்.

இந்த வள்ளம் அந்த மண்ணின் பூர்வீகக் குடிகளின் கண்டுபிடிப்பாகும். பேர்ச் என்னும் மரத்தின் பட்டையை உரித்து, வேர்களை நூலாகக் கொண்டு தைத்து, பொருத்துகளை மரப்பிசினால் அடைத்து அதனைச் செய்தார்கள். பட்டையைத் தைப்பதும் பிசின் பூசுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலையாக இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. பின்னாளில் இது ஆண்களின் பொழுதுபோக்காக மாறியபோதும் பெண்கள் ஒதுங்கி நிற்கவில்லை. 1930களில் எஸ்தர் கீசர் என்பவர் இந்தப் பூங்காவில் பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டியாகத் தொழில் செய்தார். அங்கு முதல் பெண் வழிகாட்டி எனப் பெயர் பெற்ற அவர், தனது அனுபவங்களை 2003இல் நூலாகவும் வெளியிட்டார்.

எப்போது போவது?

உட்பகுதியில் தங்குவதற்கு அனுமதி பெற வேண்டும். ஐந்து மாதங்களுக்கு முன்பிருந்தே பதிவு செய்யலாம். எந்த இரவு எந்த ஏரியில் தங்குவது என்பதையும் அப்போதே கூற வேண்டும். ஒரு முகாமிடத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்க முடியாது.

நால்வரும் முதலில் நினைத்தது மே மாதத்தை. ட்றவுட் எனப்படும் குளிர்நீர் மீன், பனி உருகிய அந்தக் காலத்தில் மேல்மட்டத்துக்கு வரும். பிடிப்பது சுலபம். ஆனால் மே மாத நீர் உறைபனியிலிருந்து அப்போதுதான் விடுபட்ட நீர். அத்தகைய நீரில் விழுந்தவருக்கு நடப்பதை அங்கு ‘ஒன்று, பத்து, ஒன்று’ என்று கற்பிக்கின்றார்கள். மூச்சுத் திணறலைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம். கைகால்கள் சொற்கேட்கும் நேரம் பத்து நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்புவதற்கு ஒரு மணித்தியாலம். அங்கி அணியாதவர் அந்த ஒரு மணித்தியாலம் வரை மிதந்திருக்கமாட்டார்.

நால்வரில் ஒருவருக்கு நீந்தவும் தெரியாது. ஆகவே மீன் குறைந்தாலும் பரவாயில்லை என்று பயணத்தைச் செப்ரெம்பர் முதல் வாரத்துக்கு மாற்றினார்கள். கடிக்கும் கரும் ஈக்களின் காலமும் அதற்குள் முடிந்துவிடும். இடையிலுள்ள மாதங்களில் நீந்தத் தெரியாதவர் நகரத்து நீச்சல் தடாகத்தில் பழகிக்கொண்டார். “மீனுக்காக நாள் குறிக்கேல்லை அக்கா, எங்களில பலவீனமானவளுக்காகத்தான் குறிச்சனாங்கள்” என்று அந்தப் பெண் கூறியதை நான் குறித்துக்கொண்டேன்.

அனுபவம் மட்டும் போதும் என்று எண்ணுவதும் தவறு. கனடாவின் புகழ்பெற்ற ஓவியர் ரொம் தொம்சன், இந்தப் பூங்காவை நன்கு அறிந்தவர். வள்ளம் வலிப்பதில் தேர்ந்தவர். 1917 ஜூலையில் இங்குள்ள கனூ ஏரியிலேயே அவரது உடல் கண்டெடுக்கப்பட்டது.

தோளில் சுமக்கும் கணக்கு

நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்பதை வரைபடத்தில் விரலால் அளந்து முடிவு செய்ய முடியாது. நடைபாதை ஒரு கிலோ மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். வள்ளத்தையும் பைகளையும் ஒரே தடவையில் தூக்க இயலாது. முதலில் வள்ளத்தைக் கொண்டுபோய் வைத்து, வெறுங்கையோடு திரும்பி வந்து, பைகளைச் சுமந்துகொண்டு மீண்டும் நடக்க வேண்டும். ஆகவே ஒரு கிலோ மீற்றர் என்பது மூன்றாகிவிடுகின்றது. இந்தக் கணக்கைப் போடாமல் போகின்றவர்கள் இருட்டில் வழி தேட நேரிடும்.

அதனால் சுமையைக் குறைப்பதே ஆயத்தத்தின் பெரும்பகுதி. இவர்கள் வாடகைக்கு எடுத்த வள்ளம் ஏறக்குறைய 20 கிலோ. ஒரு சீமெந்து மூட்டையின் பாதியிலும் குறைவு. ஒருவர் தனியே தூக்கலாம். தகரப் பேணிகளும் போத்தல்களும் உட்பகுதிக்குக் கொண்டுசெல்லத் தடை. அரிசி, பருப்பு, உலர்த்திய மரக்கறி என்பவற்றை நாள்வாரியாக அளந்து பைகளில் கட்டினார்கள். ஏரி நீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். கரடிகள் உள்ள காடு என்பதால், இரவில் உணவுப் பையைக் கூடாரத்துக்குத் தூரமாகச் சுமார் 4 மீற்றர் உயரத்தில் கயிற்றில் தொங்கவிட வேண்டும். ஆளுக்கொரு அங்கி, விசில், மிதக்கும் கயிறு, நீர் இறைக்கும் பாத்திரம், முதலுதவிப் பெட்டி என்பன கட்டாயம்.

மாதவிடாய் நாட்களுக்கான ஏற்பாட்டையும் அவர்கள் வெளிப்படையாகவே பேசி எழுதிக்கொண்டனர். பாவித்த துவாய்களைப் புதைக்கக் கூடாது. விலங்குகள் கிளறிவிடும். ஒளி ஊடுருவாத இறுக்கமான பையில் இட்டு, உணவோடு சேர்த்து மரத்தில் தொங்கவிட்டு, திரும்பும்போது கொண்டுவர வேண்டும். முகாம் வாழ்வில் வெட்கத்தால் பேசாமலிருந்து எமது பெண்கள் பட்ட வேதனையை நினைத்துக்கொண்டேன்.

மீனுக்கும் ஒழுங்கு உண்டு. தூண்டில் போட மாகாணத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். எந்த மீனை எந்தக் காலத்தில் எத்தனை பிடிக்கலாம் என்ற கட்டுப்பாடும் இருக்கின்றது. உயிருள்ள சிறு மீன்களை இரையாகக் கொண்டுசெல்லத் தடை. அவை தப்பி ஏரியில் பெருகினால் உள்ளூர் ட்றவுட் மீன்களுக்குக் கேடு. நாம் ஜப்பான் மீன் என்று அழைக்கும் திலாப்பியாவும் 1950களில் வெளியிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டதே. எல்லாவற்றுக்கும் மேலாக, பிடிக்கப்போகும் மீனை நம்பிச் சாப்பாட்டுக் கணக்குப் போடக் கூடாது என்பது அனுபவசாலிகள் கூறும் விதி. இவர்களுக்கு ஐந்து நாட்களிலும் கிடைத்தவை மூன்று மீன்கள் மட்டுமே.

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய தாள்

புறப்படுவதற்கு முதல்நாள் அந்தப் பெண் ஒரு தாள் எழுதித் தாயாரிடம் கொடுத்தார். நால்வரின் பெயர்கள், காரின் இலக்கம், எந்தக் கரையில் வள்ளத்தை இறக்குவது, ஒவ்வோர் இரவும் தங்கும் ஏரி, திரும்பும் நாளும் நேரமும் அதிலிருந்தன. கடைசி வரி இதுதான்: ஞாயிறு இரவு 9 மணிக்குள் நான் அழைக்காவிட்டால் இந்த இலக்கங்களுக்கு அறிவியுங்கள். பூங்கா அலுவலகத்தினதும் பொலிசாரினதும் இலக்கங்கள் கீழே இருந்தன.

தாயார் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தாராம். அவர் 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே இரவில் வெளியேறியவர்களில் ஒருவர். “நாங்கள் வெளிக்கிட்ட நேரம் எங்க போறம், எப்ப திரும்புவம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இவள் எல்லாத்தையும் எழுதித் தந்திட்டுப் போறாள்” என்று மகளிடம் கூறியிருக்கிறார்.

எனக்கு அம்மாவின் கேள்விக்கான விடை இந்த இடத்திலேயே கிடைத்தது. கூடாரம் ஒன்றுதான், காடும் ஒன்றுதான். ஆனால் இடப்பெயர்வில் வழியை வேறு யாரோ தீர்மானித்தார்கள். எதை விட்டுச்செல்வது என்பதை எறிகணை தீர்மானித்தது. இங்கு நாளையும் வழியையும் சுமையையும் அந்த நால்வரும் தீர்மானித்தார்கள். திரும்பி வரும் நேரத்தையும் அவர்களே எழுதினார்கள்.

திரும்பும் நேரம் எழுதப்படாத வீடுகள் எம்மிடையே எத்தனை உள்ளன என்பதை நான் கூறத் தேவையில்லை. வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்து தொடங்கிய போராட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் தாய்மாரும் மனைவியருமே. ஒருவர் எங்கே போனார், எப்போது வருவார் என்பதை அறிந்திருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்தத் தாளுக்கு வேலை வரவில்லை. மூன்றாம் நாள் பலத்த காற்று வீசியது. ஏரியில் வெள்ளை நுரை அலைகள் எழுந்தன. அவ்வாறான நாளில் வள்ளத்தை இறக்காமல் கரையில் இருப்பதென்று முன்னரே முடிவு செய்து, நடுவிலுள்ள ஏரியில் இரண்டு இரவுகளுக்குப் பதிந்திருந்தார்கள். ஆகவே வள்ளத்தைக் கவிழ்த்துக் கட்டிவிட்டு, தேநீர் வைத்து, நாள் முழுவதும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயணத்தில் மிகச் சந்தோசமான நாள் எதுவென்று கேட்டபோது அவர் அந்த நாளையே கூறினார். ஞாயிறு மாலை ஆறரை மணிக்குத் தாயாரை அழைத்துவிட்டார்.

நாமும் திட்டமிடலாம்

எமது சமூகத்தில் பெண் எங்கே போனாலும் காரணம் கேட்கப்படுகின்றது. கோயில், வைத்தியசாலை, பிரதேச செயலகம், செத்தவீடு என்பன ஏற்றுக்கொள்ளப்பட்ட காரணங்கள். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணுக்கு ஓய்வுக்காகப் போதல் என்பது குற்றம்போலத் தோன்றுகின்றது. அத்தோடு, கடலோரத்தில் பிறந்தும் நீந்தக் கற்றுக்கொடுக்கப்படாதவர்கள் எம்மில் அநேகர். 2004 ஆழிப்பேரலையில் பல கிராமங்களில் ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலாக இறந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இதற்குக் கனடா போகவேண்டியதில்லை. ஒரு நாள் பயணமே போதும். யார் வருவது, பிள்ளைகளை யார் பார்ப்பது, கூட்டத்தில் நடக்க முடியாதவருக்கு எது வசதியான நாள், சாப்பாடு யார் பொறுப்பு, மழை வந்தால் என்ன செய்வது, வீட்டில் யாரிடம் விபரம் கொடுப்பது என்பவற்றைச் சேர்ந்திருந்து பேசி எழுதுவதே பயணத்தின் முதற்படி.

இந்த மாதக் கூட்டத்தில் இவற்றையெல்லாம் அந்த அம்மாவிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்ப விசரில்லை” என்றார். சற்றுப் பொறுத்து, “இரணைமடுக் குளத்துக்கு ஒருநாள் போவமே பிள்ளை? சமைச்சுக் கட்டிக்கொண்டு போய் இருந்திட்டு வருவம்” என்றார். பதினொரு பேர் பெயர் கொடுத்தார்கள். செயலாளர் சங்கக் கொப்பியைத் திறந்து, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டார்.

“திரும்பி வாற நேரத்தை முதல் எழுது” என்றார் அம்மா. மாலை 5 மணி என்று எழுதப்பட்டது.