சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால்

கோயில் கொடையோ கல்யாணமோ, பந்தலில் சீரியல் செட் கட்டியவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். ஒரு பல்பு ஃபியூஸ் போனால் சரம் முழுக்க அணைந்துவிடும். எது போனது என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாற்றிப் பார்க்க வேண்டும். எல்.இ.டி. வருவதற்கு முந்தைய சரங்களைச் சொல்கிறேன்.

அவற்றில் 6 வோல்ட் பல்புகள் நாற்பதை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். பாடப்புத்தகத்தில் இதற்குத் தொடரிணைப்பு என்று பெயர். மின்சாரம் போக ஒரே பாதை. பிளக்கை ஒட்டியுள்ள பல்பு அதிகம் எடுத்துக்கொள்ளும், கடைசிப் பல்புக்கு மிச்சம்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். எந்தப் பல்பும் மின்னோட்டத்தைத் தின்பதில்லை. முதல் பல்பில் ஓடும் அதே ஆம்பியர்தான் நாற்பதாவதிலும் ஓடுகிறது. பங்கு போடப்படுவது மின்னழுத்தம்: 230 வோல்ட்டை நாற்பதும் சமமாகப் பிரித்துக்கொள்ள, ஆளுக்கு 5.75 வோல்ட்.

ஓர் இழை அறுந்தால் சரம் முழுவதும் மின்னோட்டம் நின்றுவிடுகிறது. ஓட்டமே இல்லாதபோது மற்ற 39 பல்புகளும் தம் பங்கு வோல்ட்டை எடுப்பதில்லை. மொத்த 230 வோல்ட்டும் அறுந்த இடத்தில் வந்து நிற்கிறது. சரம் இருண்டுதானே கிடக்கிறது என்று பிளக்கைப் பிடுங்காமல் காலி ஹோல்டரில் விரல் வைத்தால் உயிருக்கே ஆபத்து.

அந்த 230 வோல்ட்டையே வேலைக்கு வைத்த உத்தியும் உண்டு; எனக்கு மிகவும் பிடித்தது. சில சின்னப் பல்புகளில் இழையின் அடியில் ஆக்சைடு பூசிய மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். 5.75 வோல்ட்டால் பூச்சைத் துளைக்க முடியாது. இழை அறுந்து முழு அழுத்தமும் மோதும்போது பூச்சு உடைந்து, கம்பி வழியே பாதை மறுபடி சேர்ந்துவிடும். அணைவது ஒரு பல்பு மட்டும். ஆனால் அதன் பங்கு மற்றவற்றின் தலையில் ஏற, அவை சற்றுக் கூடுதலாக எரிந்து சீக்கிரம் போய்விடுகின்றன. அதனால் அணைந்ததை உடனே மாற்றிவிடுவது நல்லது.

எலக்ட்ரீசியன் கடையின் சீரியல் போர்டிலும் இதே கணக்குதான். பழுதான ஃபேனோடு 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைப்பார்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் ஃபேனுக்குள் ஷார்ட். எரியவே இல்லையென்றால் காயில் எங்கோ அறுந்திருக்கிறது. மங்கலாக எரிந்தால் காயில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஷார்ட் ஆகியிருந்தாலும் பல்பின் தடை வழிமறிப்பதால் அரை ஆம்பியருக்குக் குறைவாகவே ஓடும். கடையின் ஃபியூஸ் போகாது.