திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள்: மாளாவின் யூதப் பள்ளி

சல்லியில் எங்கள் வளவின் கடற்பக்க மூலையில் ஒரு சின்ன வைரவர் கோயில் இருந்தது. நாலு சுவர், ஒரு கதவு, ஒரு சூலம். 1990இல் ஊரை விட்டு ஓடியபோது அம்மா அதன் திறப்பைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தார். “விளக்கு மட்டும் வச்சு விடுங்கோ அண்ணன்” என்றார். வேறு எதையும் பேச நேரம் இருக்கவில்லை. இரண்டு கிழமையில் அந்த அண்ணனும் குடும்பத்தோடு ஊரை விட்டுவிட்டார் என்று மண்டபம் முகாமில் இருக்கும்போது கேள்விப்பட்டோம்.

முகாமில் வளர்ந்த பொடியன்கள் பலரைப் போல நானும் பெயின்ற் அடிக்கும் வேலைக்குப் போனேன். அப்படி ஒருமுறை கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் உள்ள மாளா என்ற சிறுநகரத்துக்குப் போனபோதுதான், கடைத்தெருவோடு ஒட்டிப் பூட்டிக் கிடந்த அந்தப் பழைய ஓட்டுக் கட்டடத்தைப் பார்த்தேன். “ஜூதப்பள்ளி” என்றார் தேநீர்க்கடைக்காரர். மலையாளத்தில் பள்ளி என்றால் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் யூதர்களுக்கும் பொதுவான சொல். யூதர்கள் எங்கே என்று கேட்டேன். “எல்லாரும் போயாச்சு, 1955இல்” என்றார்.

துரத்தினார்களா என்பதுதான் எனக்கு உடனே வந்த கேள்வி. நம்மவர்களுக்கு வேறு எந்தக் கேள்வி வரும்? இல்லை, யாரும் துரத்தவில்லை. அதனால்தான் இந்தக் கதை என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் இடிக்கப்பட்ட பின் கொடுங்கல்லூர்க் கரைக்கு வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது கேரள யூதர்களின் மரபுக் கதை. கையில் பிடிக்கக்கூடிய சான்று கி.பி. 1000ஆம் ஆண்டளவில் எழுந்த செப்பேடு. சேர மன்னன் பாஸ்கர ரவி, யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையையும் 72 விடுபேறுகளையும் கொடுத்ததை அது சொல்கிறது. பல்லக்கு, குடை, பகல் விளக்கு, மேளம் எல்லாம் அந்த உரிமைகளுக்குள் அடக்கம். எழுத்து வட்டெழுத்து. மொழி, தமிழும் மலையாளமும் இன்னும் முழுதாகப் பிரியாத காலத்து மொழி. வெளியிலிருந்து வந்த ஒரு சிறு சமூகம் தன் உரிமையைச் செம்பில் எழுதி வாங்கி, ஆயிரம் ஆண்டு பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. காணி உறுதி இல்லாமல் கச்சேரி வாசலில் நின்று பழகிய நமக்கு இதன் பெறுமதி விளங்கும்.

நமது தீவுக்கும் இதில் பங்குண்டு. சரந்தீவில் யூதர்கள் நிறையப் பேர் இருந்ததாக 10ஆம் நூற்றாண்டின் அரபு எழுத்தாளர் அபூ சைத் குறிப்பிடுகிறார். மன்னனின் பதினாறு ஆலோசகர்களில் நால்வர் யூதர் என்று 12ஆம் நூற்றாண்டில் அல் இத்ரீசி எழுதுகிறார். அவர்கள் திருகோணமலைத் துறையில் இருந்தார்கள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மலபாரும் ஈழமும் ஒரே கடல்வழியின் துறைகள்தான்.

பின்னாளில் கொச்சி, எறணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாளா என்று எட்டுப் பள்ளிகளைச் சுற்றி அவர்களின் வாழ்வு அமைந்தது. சேந்தமங்கலம் பள்ளியின் முன்னால் 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்லறைக் கல் நிற்கிறது. சாரா என்ற பெண்ணுடையது. கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் 1662இல் கொச்சியின் பரதேசிப் பள்ளிக்கும் தீ வைத்தார்கள். மற்றபடி உள்ளூர் அரசர்களின் நிழலில் பெரிய இடையூறின்றி வாழ்ந்தார்கள். தங்களுக்குள் ஏற்றத்தாழ்வு பார்த்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பரதேசிப் பள்ளியில் தாழ்த்தி வைக்கப்பட்டவர்களுக்காக ஏ. பி. சாலேம் என்ற வழக்கறிஞர் காந்தி வழியில் போராட வேண்டியிருந்தது.

1948இல் இஸ்ரேல் உருவானதும் புறப்பட ஆயத்தமானார்கள். பக்தி ஒரு காரணம், வறுமையும் எதிர்காலம் பற்றிய யோசனையும் வேறு காரணங்கள். வீடு வாசலை விற்றுவிட்டுக் காத்திருந்தவர்களை, யானைக்கால் நோயைக் காரணம் காட்டி இஸ்ரேல் சில ஆண்டுகள் இழுத்தடித்தது. பெரும்பகுதியினர் 1953க்கும் 1955க்கும் இடையில் போய்ச் சேர்ந்தார்கள். பெண்கள் மலையாளத்தில் பாடும் தங்கள் பாட்டுகளைக் கொப்பிகளில் எழுதி எடுத்துப் போனார்கள்.

போனவர்களுக்குக் கிடைத்தது எருசலேம் நகரம் அல்ல. பாலைவனத்தில் நெவாத்திம், லெபனான் எல்லையோரத்தில் கிபார் யுவால் போன்ற எல்லைக் கிராமங்கள். கிபார் யுவால் எழுந்த காணி, 1948இல் வெறுமையாக்கப்பட்ட அபில் அல் கம்ஹ் என்ற பாலஸ்தீனக் கிராமத்தினுடையது. எல்லையில் ஆளை இருத்திக் காணியைப் பிடித்து வைப்பது எப்படி என்று திருகோணமலை மாவட்டத்துக்காரனுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. தங்கள் கோயிலை மரியாதையோடு ஒப்படைத்துவிட்டு வந்த மக்கள், வேறு யாரோ ஒப்படைக்காமலே ஓடவேண்டி வந்த மண்ணில் இருத்தப்பட்டார்கள். இதைச் சொல்லாமல் அவர்களின் கதையைச் சொன்னால் அது பாதிக் கதை.

மாளாவுக்கு வருகிறேன். புறப்படுமுன் அந்தச் சமூகம் பள்ளியையும் இடுகாட்டையும் ஊர்ப் பஞ்சாயத்திடம், நமது பிரதேச சபை மாதிரியான ஓர் அமைப்பிடம், எழுத்தில் ஒப்படைத்தது. பள்ளியை வேறு மதத்தின் வழிபாட்டிடமாக மாற்றக்கூடாது. இறைச்சி வெட்டும் இடமாக்கக்கூடாது. இடுகாட்டைக் காக்க வேண்டும். பணம் கேட்கவில்லை. கட்டடத்தைப் பூசி மினுக்கச் சொல்லவும் இல்லை. தாங்கள் திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தவர்கள், இறந்தவர்களின் பொருட்டு வைத்த நிபந்தனைகள் இவை.

எழுத்து எவ்வளவு தூரம் காப்பாற்றியது? பள்ளி வேறு யாருடைய கோயிலாகவும் ஆகவில்லை, பொது மண்டபமாகப் பயன்பட்டது. அந்த அளவில் வாக்கு நின்றது. ஆனால் பராமரிப்பின்றிக் கூரை பழுதானது. இடுகாட்டுக் காணியில் ஒரு பகுதி விளையாட்டரங்குக்குப் போனது. கல்லறைகளில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. கேட்க யூதர் ஒருவரும் ஊரில் இல்லை. கேட்டவர்கள் மாளாவின் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும்தான். மரபுரிமைப் பாதுகாப்புக் குழு அமைத்து, அந்த ஒப்பந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மனுக்கொடுத்தார்கள், போராடினார்கள். காகிதம் தானாக எதையும் காக்கவில்லை. ஆனால் காகிதம் இருந்தபடியால்தான் அவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ இருந்தது.

சேந்தமங்கலம் பள்ளியைக் கேரள அரசு பழுதுபார்த்து 2006இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. கொச்சியின் கடவும்பாகம் பள்ளியின் உட்புற மரவேலை எருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நல்லதுதான். என்றாலும் மாளாவில் அயலவர்கள் நடத்திய சண்டைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நம்மிடம் அப்படி ஒரு காகிதம் எங்கே? கன்னியா வெந்நீரூற்றில் பிள்ளையார் கோயில் இருந்த இடத்துக்காக 2019இல் மக்கள் கூடியபோது இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஓடும்போது யார் எழுதி வாங்குவார்கள்?

போர் முடிந்து சல்லிக்குத் திரும்பியபோது வைரவர் கோயிலின் ஒரு சுவரும் அத்திவாரமும் மட்டும் பற்றைக்குள் கிடந்தன. சூலமும் இல்லை, கதவும் இல்லை. இடம்பெயர்ந்து வேறு ஊரில் குடியேறிவிட்ட அந்த அண்ணன், செய்தி கேள்விப்பட்டு ஒருநாள் பஸ் ஏறி வந்து திறப்பைத் தந்துவிட்டுப் போனார். துருப்பிடித்திருந்தது. இருபது ஆண்டுக்கு மேல் வைத்திருந்திருக்கிறார்.

அவரை இருத்திவைத்து அத்திவாரத்தின் நாலு எல்லையையும், எந்த ஆண்டு யார் பூசை செய்தார்கள் என்பதையும் சொல்லச் சொல்லி எழுதினேன். படம் எடுத்து, இரண்டு பெரியவர்களின் கையெழுத்தும் வாங்கி, ஒரு பிரதியை வெளிநாட்டில் இருக்கும் தங்கச்சிக்கு அனுப்பியிருக்கிறேன். ஊரின் மற்றச் சின்னக் கோயில்களில் இதுவரை ஐந்துக்கு எழுதியாயிற்று. ஆறாவதின் எல்லையைத் தெரிந்த கிழவி இப்போது மகளோடு வவுனியாவில் இருக்கிறார். அடுத்த கிழமை அங்கே போகவேண்டும்.