கைப்பேசி விளம்பரத்திற்கும் பட்டம் உண்டு

எள்ளை மூட்டையாக விற்காமல், செக்கில் ஆட்டி எண்ணெயாகப் புதுச்சேரி நகர மக்களுக்கு நேரடியாக விற்க முனையும் உழவர் பெருமக்களுக்கும் மகளிர் குழுவினருக்கும் வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியன செலவு குறைந்த விளம்பரப் பலகைகளாகும். ஆனால் ஒரே நாளில் பத்துப் படங்களைப் போட்டுவிட்டுப் பிறகு மாதக்கணக்கில் மறந்துவிட்டால் பயன் கிட்டாது. விதைப்பிற்குப் பட்டம் இருப்பது போலச் செய்திக்கும் பட்டம் உண்டு.

புதுவை தந்த பாடம்

இதற்குச் சான்று புதுவையிலேயே உள்ளது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டில் வில்லியனூரை மையமாகக் கொண்டு சுற்றுப்புறக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. மக்களின் தேவையை முதலில் கேட்டறிந்த பின்னரே செய்திகள் திரட்டப்பட்டன. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு கணினி வழியே பெறப்பட்டு, ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. படகு புறப்பட்ட பின் அதே செய்தியைச் சொன்னால் பயனில்லை.

2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கை, நல்லவாடு அறிவு மையத்தின் ஒலிபெருக்கி மூலம் உடனே அறிவிக்கப்பட்டதால், மக்கள் ஆழிப்பேரலையிலிருந்து உயிர் தப்பினர். யாருக்கு, எதை, எப்போது சொல்வது என்ற மூன்றும் விற்பனைச் செய்திக்கும் பொருந்தும்.

அட்டவணை தயாரிக்கும் முறை

வாங்குவோருக்குப் பொருள் தேவைப்படும் நாளை முதலில் குறித்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிடுதல் வேண்டும். நல்லெண்ணெய்க்குத் தீபாவளி எண்ணெய்க் குளியல் முக்கியமான நாள். அதற்கு ஏற்ற அட்டவணை வருமாறு:

1. மாசிப் பட்டத்தில் விதைத்த எள் 80 முதல் 85 நாட்களில் அறுவடைக்கு வரும். விதைப்பு, பூப்பு, போர் அடுக்குதல், உதிர்த்தல் ஆகியவற்றை அவ்வப்போது படமெடுத்துச் சேமித்து வைக்கவும். பூத்த வயலின் படத்தை ஐப்பசியில் எடுக்க இயலாது.

2. தீபாவளிக்கு 30 நாட்களுக்கு முன்பிருந்து, வாரம் இரண்டு படங்களாக வயலின் கதையைச் சொல்லவும்.

3. 20 நாட்களுக்கு முன் செக்கில் ஆட்டும் காட்சியைக் காட்டவும்.

4. 15 நாட்களுக்கு முன் விலை, அளவு, கிடைக்குமிடம் ஆகியவற்றைத் தெளிவாக அறிவித்து முன்பதிவு பெறவும்.

5. 4 நாட்களுக்கு முன் முன்பதிவை முடித்துக்கொள்ளவும். இருப்பு தீர்ந்தால் அதையும் உடனே அறிவித்தல் வேண்டும்.

கருவிகளைப் பயன்படுத்துதல்

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஆகவே அன்றைய இருப்பு, விலை ஆகியவற்றிற்கு அது ஏற்றது. ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பட்டியல் வசதியில், நம் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கே செய்தி சென்றடையும். முதல் விற்பனையின்போதே எண்ணைச் சேமித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளவும். பேஸ்புக் பக்கத்திலும் இன்ஸ்டாகிராம் தொழில் கணக்கிலும் செய்தி வெளியாக வேண்டிய நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே குறித்து வைக்கலாம். வாரத்தில் ஒரு மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கினால், களையெடுப்பு நாட்களிலும் செய்தி தடைப்படாது.

ஊரின் நாட்காட்டி

வார இறுதியில் புதுவைக்குச் சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் சுடுமண் பொம்மைகளைச் செய்வோர், வியாழக்கிழமையே படங்களை வெளியிடுதல் நன்று. ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாள், நவம்பர் 1 புதுவை விடுதலை நாள், மாசி மகம், வில்லியனூர்த் தேர், வீராம்பட்டினம் ஆடித் தேர் ஆகியவற்றையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளவும்.

கவனிக்க வேண்டியவை

நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்தல் கூடாது. கையிருப்பிற்கு மேல் முன்பதிவு பெறக் கூடாது. வாக்குத் தவறினால் அடுத்த ஆண்டு வாங்குவோரையும் இழக்க நேரிடும். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணைப் புட்டியில் அச்சிடுதல் வேண்டும். கேள்விகளுக்கு அன்றே பதில் தருதல் நலம்.

ஒவ்வொரு செய்திக்கும் எத்தனை பேர் விசாரித்தனர், எத்தனை லிட்டர் விற்றது என ஒரு நோட்டில் எழுதி வரவும். பயன் தராத செய்தியை விலக்கி, பயன் தந்ததைப் பெருக்க அக்கணக்கே வழிகாட்டும். எள் சாகுபடி பற்றிய ஐயங்களுக்குக் குரும்பாபட்டு காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். வரும் மாசியில் விதைப் பெட்டியை எடுக்கும்போதே நோட்டையும் எடுத்து அட்டவணையைத் தொடங்கினால், தீபாவளிக்குள் எண்ணெய் விற்றுத் தீர வழி பிறக்கும்.